வெல்டாவின் வெள்ளி ப்ரூச்

லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் பாட்டுத் திருவிழா ஊர்வலம் கிளம்பவிருந்தது. வெல்டாவுக்கு ஒருநாளும் சுருதி சேர்ந்ததில்லை. அதனால், பாட்டுக் குழுவில் யார் எதை அணியலாம் என்று தீர்ப்புச் சொல்லும் பெரும்பொறுப்பைத் தானே ஏற்றிருந்தாள்.

சால்வையில் குத்தியிருந்த உள்ளங்கை அகல வெள்ளி ப்ரூச் மின்ன, வரிசையைச் சோதித்துக்கொண்டே வந்தவள் லாஸ்மாவின் முன்னால் நின்றாள். அயர்லாந்தில் வளர்ந்து, போன வருடம் ஊர் திரும்பிய பெண்.

"என்னம்மா, தலையில துணி? மணி கோத்த கிரீடம் எங்க? அயர்லாந்துல அடகு வச்சிட்டியா?"

"இல்லைங்க, வீட்ல இருக்கு. இன்னிக்கு..."

"கன்னிப்பொண்ணுக்குக் கிரீடம், கல்யாணமானவளுக்குத் துணி. இதுகூடத் தெரியாத நீயெல்லாம் லாட்வியாக்காரியா?"

லாஸ்மா ஆண்கள் வரிசையைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? என் பையன் ரைதிஸ் உனக்குப் பரிஞ்சுக்கிட்டு வரமாட்டான். இதோ, இந்த ப்ரூச்சைப் பாரு! என் கல்யாணத்தன்னிக்கு என் மாமியார் தன் சால்வையிலேர்ந்து கழட்டி எனக்குக் குத்திவிட்டது. எங்க வீட்டுக்கு மருமக வந்ததும் இது கைமாறணும். முறைன்னா முறைதான்!"

கூட்டம் தலையாட்டியது. ரைதிஸ் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"அம்மா, அவ முறைப்படிதான் துணி கட்டியிருக்கா. வெள்ளிக்கிழமையே ரிஜிஸ்டர் கல்யாணம் முடிஞ்சிடுச்சு."

"யாரோட?"

வெல்டாவின் குரல் வாழ்க்கையில் முதல்முறையாக மேல் ஸ்தாயியைப் பிசகாமல் தொட்டது.

ரைதிஸ் லாஸ்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

லாஸ்மா தன் சால்வையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"குத்திவிடுங்க அத்தை. முறைன்னா முறைதானே?"