உருண்டை வீடு

ஓர் அணுவின் நடுவே உருண்டையாய் ஒரு வீடு. புரோட்டான்களும் நியூட்ரான்களும் அதில் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். மூத்தவளான புரோட்டான் அக்காவுக்கு அந்த உருண்டைமேல் அப்படியொரு பெருமை. "லட்டு பிடிச்ச மாதிரி இருக்கு பாரு!" என்பாள். புதிதாக யார் யாரோ வந்து சேர்ந்தும் அந்த வடிவம் குலையவில்லை.

ஒருநாள் நியூட்ரான் ஒருத்தி வந்து கூச்சத்தோடு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர, வீடே பிடிகொழுக்கட்டை போல நீண்டுவிட்டது.

"பாழாப்போச்சு! எல்லாம் உன்னாலதான்டி!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் போயிடறேன்க்கா. வீடு பழையபடி ஆயிடும்," என்று வந்தவள் எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வழியே போன ஒளிக்கதிர் ஒன்று வீட்டின் நுனியில் இடித்தது. வீடு ராட்டினமாய்ச் சுழன்றது! இடித்துத் திருப்ப ஒரு நுனிகூட இல்லாமல் உருண்டையாக இருந்தவரை, எத்தனை கதிர் மோதியும் அது ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. உள்ளே ஒரே கூச்சல், சிரிப்பு. அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நியூட்ரான் வாசல்வரை போயிருந்தாள். அக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே? உட்காரு. வெளியே உன் தங்கச்சிங்க யாராச்சும் நின்னா, அவங்களையும் கூப்பிடு!"