மன்னிப்புக் கேட்கும் வேலை

"வேற என்ன வேணும்னாலும் பேசு. சாரி மட்டும் சொல்லித் தொலச்சிடாத" என்றார் என் வீட்டுக்காரர் போனில்.

அடி ஏதும் பட்டதா என்று அவர் கேட்டது அதற்கு அப்புறம்தான்.

சாலையெங்கும் கண்ணாடித் தூள். என் காரும் ஒரு பெரியவரின் காரும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசைகட்டி நின்றவர்கள், ஹாரன் அடித்தால் இரண்டும் தானாக விலகிவிடும் என்று நம்பினார்கள். ஒருவர் இறங்கி வந்து, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார். திரும்பிப் போய் மறுபடி ஹாரன் அடித்தார்.

வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

போன வருடம் ஒரு சின்ன உரசல். நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், தப்பு என் பேரில் பதிவானது. இன்னொன்று பதிவானால் லைசென்ஸ் போய்விடும். என் ஷிஃப்ட் விடியற்காலை ஐந்து மணிக்கு. அந்த நேரத்தில் பஸ் கிடையாது. லைசென்ஸ் போனால் வேலையும் போன மாதிரிதான்.

அந்த வேலைதான் என் வாயைக் கெடுத்தது.

வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடம். மெஷினைச் செய்தது நானில்லை. விற்றதும் நானில்லை. ரிப்பேர் செய்ய இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதும் நானில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் மன்னிப்புக் கேட்பது நான்.

பெரியவர் கத்திக்கொண்டே இருந்தார். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். உங்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று கேட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கழுத்து வேறு வலித்தது. அவர் மேல் கோபம், வீட்டுக்காரர் மேல் கோபம், ஹாரன் அடிக்கிறவர்கள் மேல் கோபம். பதிலுக்கு நாமும் நாலு வார்த்தை கத்தலாம் என்றால் அது வந்தால்தானே? குறுக்கே பேசாமல் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாய்வரை வந்த சாரியை மூன்று தடவை விழுங்கினேன்.

கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது. பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். கத்தி முடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அதை நான் காலியாக விட்டதில்லை.

"உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமா வருந்துறோம் சார்."

வருந்துறோமாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரியவர் திகைத்துப் போனார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா. வீடியோ எடுத்துக்கறேன்."

சொன்னேன். முதல் தடவையைவிடத் தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முடித்துவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டேன்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்ததும் பெரியவர் முதல் வேலையாக வீடியோவைக் காட்டினார். போலீஸ்காரர் அதை முழுசாகப் பார்த்தார். பிறகு இரண்டு கார்களையும் சுற்றி வந்தார். நசுங்கிக் கிடந்த என் டிக்கியையும், அதற்குள் புகுந்திருந்த பெரியவர் காரின் மூக்கையும் குனிந்து பார்த்தார்.

"நீங்க சிக்னல்ல கோட்டுக்குள்ள நின்னுட்டு இருந்திருக்கீங்க. இவர்தான் பின்னாடி வந்து இடிச்சிருக்காரு. நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேட்டீங்க? இப்ப இந்த வீடியோவையும் ரிப்போர்ட்ல சேத்தாகணுமே."

சிவப்பு விழுந்து ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். பிரேக்கில் கால் வைத்து நின்றுகொண்டுதான் இருந்தேன்.

அதை நான் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.