வளைந்த ஸ்கேல்

“சாட்சியை நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன், ஐயா.”

“கேட்கக் கூடாது. உட்காரு.”

ஏட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மேல் துறை விசாரணை நடத்த வந்திருந்தவர் ‘ஸ்கேல்’ ஐயா. தொப்பி கொஞ்சம் சாய்ந்தாலே வாங்கு வாங்கென்று வாங்குகிற மனிதர். விதி தவறாதவர் என்று நம்பித்தான் ஏட்டு தைரியமாக வந்திருந்தார்.

ஏட்டு செய்ததெல்லாம், குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனிடமிருந்து சாவியைப் பிடுங்கியதுதான். நேரம் சரியில்லை, அவன் பெரிய அதிகாரியின் மச்சானாகப் போய்விட்டான். ஏட்டு தன்னை அடித்ததாக அவன் புகார் கொடுத்தான். அவனேதான் சாட்சியும்.

“அன்னிக்கு இவரு நிதானத்துல இருந்தாரான்னு மட்டும்...”

“கூடாதுன்னு சொன்னேன்ல?” ஸ்கேல் எழுத்தரிடம் திரும்பினார். “கேள்வி கேட்க அனுமதி கேட்டார், நான் மறுத்துட்டேன்னு எழுதிக்கோ.”

“இது அநியாயம்யா!”

“நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குப் போ!”

பெரிய இடத்துக்கு முன்னால் ஸ்கேலும் வளையும் போலிருக்கிறது. ஏட்டுக்கு மனசே விட்டுப்போனது.

வேலை போயிற்று. மகளின் படிப்பு பாதியில் நின்றது. “அந்த ஸ்கேல் உருப்படுவானா?” என்று மனைவி திட்டாத நாளில்லை.

ஏட்டு கோர்ட்டில் போட்ட வழக்கு முடிவுக்கு வந்த அன்று ஸ்கேலையும் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“அடிச்சாரா இல்லையாங்கறதுக்குள்ள நான் போகல,” என்றார் நீதிபதி. “சாட்சியைக் கேள்வி கேட்க விடாத விசாரணை, விசாரணையே இல்ல. டிஸ்மிஸ் செல்லாது. இவரை உடனே வேலையில சேர்த்துக்கணும்.”

பிறகு ஸ்கேலைப் பார்த்தார். “இவரை முதல்ல போலீஸ் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புங்க. விசாரணை எப்படி நடத்தறதுன்னு கத்துக்கிட்டு வரட்டும்.”

கோர்ட்டே சிரித்தது. ஸ்கேல் தலைகுனிந்து நின்றார்.

வெளியே வந்தும் ஏட்டுக்குக் குழப்பம் தீரவில்லை. “நான் தப்பு பண்ணலைன்னு யாருமே சொல்லலையே, வக்கீல் சார். அப்புறம் எப்படி ஜெயிச்சேன்?”

“எல்லாம் உங்க அதிகாரி தயவு,” என்று வக்கீல் சிரித்தார். “அவரு முறைப்படி எல்லாத்தையும் செஞ்சு உங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தா, நம்ம கேஸ் நின்னே இருக்காது. நேத்து சட்டம் படிக்கச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைப் பண்ணமாட்டான்.”

வாசலில் ஸ்கேலின் ஜீப் நின்றது. ஏட்டுக்கு வாய் சும்மா இருக்குமா? டிரைவரிடம் போனார்.

“என்ன தம்பி, உங்க ஐயா பயிற்சிப் பள்ளிக்கு விசாரணைப் பாடம் கத்துக்க எப்பப் போறாரு?”

டிரைவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

“கத்துக்கவா? இத்தனை வருஷமா அங்க அந்தப் பாடத்தை நடத்தறதே எங்க ஐயாதானேண்ணே!”