பன்னிரண்டாவது பாஸ்

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் குடோன் வாசலில், மூட்டை ஏற்ற ஆள் எடுத்துக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர் உத்திராபதி.

“பேரு?”

“செல்வன் சார்.”

“என்ன படிச்சிருக்க?”

“பன்னெண்டாவது சார்.”

“அது போதும். டிகிரி படிச்சவன எடுத்தா நாலே நாள்ல ஓடிப்போயிடறான். அவனுங்கள வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன்.” உத்திராபதி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “முப்பத்தஞ்சு வயசு இருக்கும் போலருக்கே. என்ன படிக்கணும், என்ன வேலைக்குப் போவணும்னு பள்ளிக்கூடத்துல உனக்கு யாரும் சொல்லலியா?”

“இல்ல சார்.”

“அங்கதான் கோட்ட விட்டுட்ட. எங்க பாப்பா குறிஞ்சிப்பாடியில ஒம்பதாவது படிக்கறப்ப, ஆராய்ச்சி பண்றேன்னு சிதம்பரத்துலேருந்து ஒரு சார் வந்தாராம். ‘பத்து வருஷம் கழிச்சு நீ எங்க இருப்ப?’ன்னு ஒவ்வொரு புள்ளயா உக்கார வச்சிக் கேட்டாராம். அந்தச் சார் மாதிரியே பிஎச்.டி. முடிக்கணும்னு இப்ப ஒத்தக் கால்ல நிக்கிது.”

செல்வன் நிமிர்ந்தான். “அது மட்டும் வேணாம்னு சொல்லுங்க சார்.”

உத்திராபதிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “மூட்ட தூக்க வந்தவன்தானே நீ? படிப்பப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?”

வாய் வரை வந்ததை விழுங்கினான். இந்த வேலையும் போய்விட்டால் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

“ஒண்ணும் தெரியாது சார்” என்றார், அதே கேள்வியைக் குறிஞ்சிப்பாடிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பட்டம் வாங்கிய முனைவர் செந்தமிழ்செல்வன்.