பிழையில்லாத எச்சரிக்கை

“மூணு தடவைன்னு போட வேண்டாம் சார். நாலு தடவை.”

டைப்பிஸ்ட் அம்மா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு மேலாளரைப் பார்த்தார்.

“நாலா?”

“கூட வேலை செய்யறவங்ககிட்ட சத்தம் போட்டது நாலு தடவை. போன மாசம் பதினெட்டாம் தேதி, சாப்பாட்டு நேரத்துல, ஃபைல் மேல டீ டம்ளரை வெச்சதுக்கு ஒரு கத்து கத்தினதை விட்டுட்டீங்க.”

“அது சின்ன விஷயம்மா.”

“டம்ளரை வெச்சவருக்கு சின்ன விஷயம் இல்ல சார். மனுஷன் அன்னிக்கு சாப்பிடவே இல்ல.”

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் நிறுவனத்தின் கிளை அது. மொத்தம் பதினொரு ஊழியர்கள். பத்துப் பேரால் ஒரு தொல்லையும் இல்லை. மிச்சமிருக்கும் ஒருவரைக் கட்டி மேய்க்கத்தான் அவர் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநரே ஃபோனில் பேசிவிட்டார். “பன்னிரண்டு மணித் தபால்ல கடைசி எச்சரிக்கைக் கடிதத்தோட நகல் கிளம்பணும். இல்லேன்னா நாளைக்கு இங்கேர்ந்து வேலைநீக்க உத்தரவே வரும்.”

அந்த ஊழியரை இழக்க மேலாளருக்கு மனசு வரவில்லை. அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாதுதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கிளை மானத்தோடு நடப்பது யாரால் என்று மேலாளருக்குத் தெரியும். காலையிலிருந்து நான்கு தாள் எழுதி, நான்கையும் இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்.

கூடையைப் பார்த்துவிட்டு டைப்பிஸ்ட் அம்மாதான் தானாக வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். “நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள தபால் போயிடும். சொல்லுங்க, நான் அடிக்கறேன்.” மேலாளர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அந்த அலுவலகத்தில் எந்தக் கடிதமும் டைப்பிஸ்ட் அம்மாவின் கை படாமல் வெளியே போனதில்லை.

“அடுத்தது... ‘இயக்குநரை ஆவண அறைக்கு வெளியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது.’”

“இருபது நிமிஷம் சார். பதிவேட்டுல நேரம் இருக்கு.”

“கையெழுத்துப் போடாம யாரும் உள்ளே போகக் கூடாதுன்னு போர்டு மாட்டச் சொன்னதே அந்த இயக்குநர்தானேம்மா!”

“அதுக்காக, ‘போர்டைப் படிக்கத் தெரியாதா?’ன்னா கேக்கறது? அந்த வாய்க்குப் பூட்டே கிடையாது சார். அதையும் சேர்த்துக்கறேன்.”

சேர்த்தும்விட்டார். மேலாளருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அப்புறம் அந்த லாரி விஷயம். ரெண்டு மணி நேரம் வாசல்லயே நிறுத்தினது. ஆனா ஒண்ணும்மா, தாள்ல நாற்பது கட்டில், லாரியில முப்பத்தெட்டுதான் இருந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா நம்ம முகத்துல கரி. அதனால லாரியை விட்டுடலாமே?”

“லாரியை விட்டுடலாம் சார். டிரைவரைப் பார்த்து, ‘எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்கு லாரி?’ன்னு கேட்டது தப்பு. அதைப் போட்டே ஆகணும். அவருக்கு வீட்டுல வளர்ந்த பொண்ணுங்க இருக்கு.”

கடகடவென்று அடித்தார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

“முடிவா, ‘இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி எழுதித் தர வேண்டும்.’ இயக்குநர் இதைக் கண்டிப்பாக் கேட்டார்.”

“அது வேண்டாம் சார். நாளைக்கே இன்னொரு லாரி வாசல்ல நிக்கும். பொய்யா எழுதி வாங்கி வெச்சு என்ன பண்ணப் போறோம்? ‘பேச்சைக் குறைத்துக்கொள்ள முயல வேண்டும்’னு போடலாம். அது நடக்கும்.”

“சரி, அப்படியே போடுங்க. அதுக்குக் கீழே ஒரு வரி. ‘ஆயினும் இவருடைய நேர்மையையும் உழைப்பையும் இந்தக் கிளை நன்றியுடன் அறியும்.’”

விசைப்பலகையின் சத்தம் நின்றது.

“எச்சரிக்கைக் கடிதத்துல பாராட்டு எழுதற வழக்கம் இல்ல சார். மேல சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்.”

“இல்ல சார், முறைன்னு ஒண்ணு...”

“அந்த வரி இல்லேன்னா நான் கையெழுத்தே போட மாட்டேன்மா!”

குரல் உயர்ந்துவிட்டது. மேலாளருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருடத்தில் டைப்பிஸ்ட் அம்மாவிடம் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. டைப்பிஸ்ட் அம்மா அந்த வரியை அடித்தார். ‘நன்றியுடன்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. அவர் தப்பாக அடித்து மேலாளர் அதுவரை பார்த்ததில்லை. அழித்துவிட்டுச் சரியாக அடித்தார்.

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு நகல்கள் அச்சாகி வந்தன. மேலாளர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடக்கூடத் தோன்றவில்லை.

“ஒண்ணு ஊழியருக்கு. இன்னொண்ணுல கையெழுத்து வாங்கித் தபாலுக்கு” என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

“கோவிச்சுக்காம வாங்கிக்குவாங்களாம்மா?”

“தப்பும் தவறுமா எழுதியிருந்தா வாங்கியிருக்க மாட்டாங்க சார்.”

டைப்பிஸ்ட் அம்மா ஒரு நகலை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றின் அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதி போட்டு, நேரமும் போட்டு, தன் கையெழுத்தைப் போட்டு நீட்டினார்.