வாழைத்தோப்பில் யானை

திரையில் யானை ஓர் அடி வைத்து நின்றது. பிறகு இன்னோர் அடி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார்.

கோவையில் ஒரு கல்லூரி. பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கண்காட்சி. டி.வி. பெட்டியோடு இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு விளையாடிய காலத்து இயந்திரங்கள், மேசைக்கு ஒன்றாக.

அந்த மேசையில் ஓடிக்கொண்டிருந்தது அவர் எழுதிய விளையாட்டு.

அவரும் அக்காவும்.

மாமா சிங்கப்பூரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அக்கா சரோஜினி பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தது ஒரே டி.வி. செய்தி முடிந்து அப்பா எழுந்து போனதும் அது அவர்களுடையது.

வாழைத்தோப்புக்குள் யானை வரும். தப்பட்டை அடித்து விரட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அவர் புரோகிராம் எழுதினார். அவள் கட்டம் கட்டமாக யானையை வரைந்தாள்.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் யானை முழுதாக அடங்கவில்லை.

"வாலை எடுத்துரலாங்க்கா."

"வாலில்லாம என்னடா யானை?"

அவர் எழுதியதை வரி வரியாகப் படித்தாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சுருக்கிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் வாலுக்கு இடம் கிடைத்தது.

யானை முதன்முதலாக நடந்தபோது இருவரும் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் ஒன்று எங்கெங்கோ கிடந்து, கடைசியில் இங்கே வந்திருந்தது.

அக்காதான் கண்டுபிடித்தாள். மாணவர்கள் போட்டிருந்த வீடியோவைப் பொள்ளாச்சியில் பேத்தியின் செல்போனில் பார்த்துவிட்டு, உடனே கூப்பிட்டாள்.

"தம்பி, நம்ம யானைடா! இன்னும் நடக்குது!"

இன்று காலை அவருடைய காரில்தான் இருவரும் வந்தார்கள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். வாசலில் தண்ணீர் குடிக்க நின்றாள். அவர் முன்னால் நடந்தார்.

உள்ளே அவருடைய கம்பெனிப் பிள்ளைகள்.

"சார்! நீங்களும் வந்திருக்கீங்களா?"

தாரணி. அவர் தலைமையில் வேலை செய்பவள். கூட நாலைந்து பேர். இடம்விட்டு அவரை நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இதைப் பாருங்க சார். யானையாம். பன்னிக்குட்டி மாதிரி இருக்கு."

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவரும்.

"இதையெல்லாம் உக்காந்து பண்ணிருக்காங்க, பாவம். யார் பண்ணதுன்னு பேருகூட இல்ல. உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் திரையைப் பார்த்தார்.

வால் ஆடியது.

"தெரியலையே," என்றார். "யாராவது சின்னப் பசங்க பண்ணிருப்பாங்க."

சிரமமே இல்லாமல் வந்தது. அதுதான் அவருக்கே வியப்பாக இருந்தது.

"நான்தாங்க பண்ணேன்."

திரும்பினார்.

அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வரும்போது இருந்த சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் விலகினார்கள். தாரணி நாக்கைக் கடித்தாள்.

"ஐயோ, சாரி ஆன்ட்டி..."

"அட, இருக்கட்டும் கண்ணு. பன்னிக்குட்டி மாதிரித்தான் இருக்குது."

அப்படியானால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்கள் கொஞ்சம் தேடின. பிறகு தேடவில்லை. யானை தோப்பை நெருங்கும்போதெல்லாம் தப்பட்டை ஒலித்தது. யானை தயங்கியது, திரும்பியது. பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வாலெல்லாம் ஆடுது ஆன்ட்டி!"

"அதுக்குத்தான் ரொம்பப் பாடுபட்டோம்."

"பட்டோம்னா? கூட யாரு?"



இப்போதுகூடச் சொல்லலாம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தார். பக்கத்தில் தாரணி நின்றிருந்தாள்.

மூடிக்கொண்டார்.

"என்ற தம்பி," என்றாள் அக்கா. "புரோகிராமெல்லாம் அவன் எழுதினதுதான். கெட்டிக்காரன்."

"அவரு வரலீங்களா?"

அவள் விரல்கள் நின்றன. யானை தோப்புக்குள் நுழைந்து ஒரு வாழையைத் தின்றது. இன்னொன்றைத் தின்றது.

"வர்றேன்னுதான் சொன்னான்."



அக்கா எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நீங்க உக்காருங்க சார்."

அவர் நின்றார்.

"உக்காருங்க. சுலபந்தான்."

அவர் உட்கார்ந்தார்.

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.