பதினேழாவது பெயர்

மருத்துவமனையின் கணினி அறையில் பௌசியா மூன்றாவது முறையாக அதே நிரலை ஓடவிட்டாள். கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை அதுவே தேடிப்பிடித்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் புதுப்பித்து, ஒருமுறை அணைத்து மீண்டும் கிளப்பும். காலையிலிருந்து இரண்டு முறை பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அவளுக்குக் கண் எரிந்தது. மொத்தம் பதினாறு என்று மேலாளர் கோதண்டம் சொல்லியிருந்தார். பதினேழாவதாக ஒரு பெயர் வந்து சேர்ந்தது. அவள் கேள்விப்படாத பெயர். தொடரவா என்று திரை கேட்டது.

"ஏம்மா யோசிக்கிற? ஏதாவது பழசா இருக்கும், போட்டு விடு," என்றார் பின்னால் நின்ற கோதண்டம்.

"ஒரு நிமிஷம் சார்."

பெயரின் முதல் எழுத்துகளை வைத்து ஊகித்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஃபோன் போட்டாள். செவிலி ஜெசிந்தா எடுத்தாள்.

"ஆமாக்கா, போன வாரம்தான் வச்சாங்க. ஆறு பெட்டோட மானிட்டரும் அதுலதான் ஓடுது. ஏங்க்கா?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்," என்று ஃபோனை வைத்துவிட்டுப் பௌசியா நிரலை நிறுத்தினாள். கோதண்டம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெயரை விலக்கிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை ஒவ்வொரு பெயர் வரும்போதும் அது எந்தப் பிரிவுடையது என்று தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது பெயரில் பேனா நின்றது. அந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று கோதண்டத்துக்கும் தெரியவில்லை. திரையில் அதற்குக் கீழே பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.